பெயர் எழுதாத தாள்

அறுவடைத் திருநாள் காலை. படையல் மேசையில் புதுச்சோறும் பொரித்த மீனும் அரிசிக் கொழுக்கட்டையும் வந்துவிட்டன. மேசைக்குப் பின்னால் ஒட்டவேண்டிய அப்பாவின் தாள்தான் இன்னும் வெறுமையாக இருந்தது.

அந்தத் தாளில் இறந்தவரின் பெயர் எழுதுவதில்லை. அவர் வகித்த அரசுப் பதவியை எழுதுவார்கள். பதவி இல்லாதவருக்கு 'மாணவர்'. அப்பா இறந்தபின் வரும் முதல் திருநாள் இது. அவர் மகள் யொங்னான் பாலப் பொறியாளர். தவறான தலைப்போடு ஒரு வரைபடத்தைக்கூட அனுப்பியதில்லை.

"நிருபர்னு எழுதுங்க, சித்தப்பா."

தூரிகையோடு உட்கார்ந்திருந்த இன்ஹோ நிமிரவில்லை. "ராஜா குடுத்த பதவியா அது? மாணவர்தான். எப்படியும் பூசை முடிஞ்சதும் எரிக்கப்போற தாளு. யாரு பாக்கப்போறா?"

"பாலத்துக்குள்ள இருக்கிற கம்பியையும் யாரும் பாக்கறதில்ல."

"ஆரம்பிச்சிட்டா, கம்பிக்காரி."

அவள் அப்பாவின் பெட்டியைத் திறந்தாள். சைகோன், வியஞ்சான், புனோம்பென்: போர்ச் செய்தி அனுப்பிய நான்கு ஆண்டுகள், பதினொரு குறிப்பேடுகள். ஒன்றிலிருந்து 1967ஆம் ஆண்டுச் செய்தித்தாள் நறுக்கு ஒன்றை எடுத்து வாசித்தாள்.

"'இறந்தோர் பட்டியலில் உள்ள சிப்பாய் பியொன் இன்ஹோவை நேற்று குயிஞோன் கள மருத்துவமனையில் கண்டேன். இடக்காலில் கட்டு. இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார். மூன்றாவது கேட்டார். நம் வெளிநாட்டு நிருபர்.'"

இன்ஹோ தூரிகையைக் கீழே வைத்தார். "நான் செத்துட்டேன்னு அம்மா அதுக்குள்ள என் சட்டையெல்லாம் எரிச்சிட்டாங்க. பேப்பரைப் பாத்துட்டு எரிஞ்சு மிஞ்சின பொத்தானைப் பொறுக்கினாங்களாம்." சற்று நேரம் இடக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஆனா மூணாவது கிண்ணம் நான் கேக்கல. அண்ணன் சேத்துக்கிட்டது."

"அப்பா பாக்காததை எழுத மாட்டார்."

"... கேட்டேன். குடுக்கல."

அவர் மைக்கட்டியை மறுபடி கல்லில் அரைத்தார். அவள் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். 'நிருபர்' என்ற இடத்தில் தூரிகை வழுக்கி ஒரு கோடு இழுபட்டது.

"போதும்ல? ஆறப்போகுது சோறு."

"போதாது சித்தப்பா. பிழையோட அவர் எதையும் அனுப்பினதில்ல. இன்னொரு தாள் எடுங்க."

முணுமுணுத்தபடி எடுத்தார். இரண்டாவது சரியாக வந்தது. அவள் அதை மேசைக்குப் பின்னால் ஒட்டினாள். கால் மடங்காத சித்தப்பாவுக்குத் தோள் கொடுத்து, அவரோடு சேர்ந்து தரையில் குனிந்து வணங்கினாள்.