உப்புப் போட்ட ஐஸ்

லைட்ஹவுஸ் குப்பத்துச் செவ்வந்திக்கு வேர்ப்பது ஊருக்கே தெரியும். கடற்கரையில் யாருக்குத்தான் வேர்க்காது என்பீர்கள். இவளுக்கு மார்கழிக் குளிரிலும் அக்குளிலிருந்து இடுப்புவரை ரவிக்கை நனைந்துவிடும். கருவாடு காயப்போடும் மணலில் அதை யார் பார்த்தார்கள்? பொன்னேரி ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் அது வியாதியானது. புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டக் கையைத் தூக்கினால் போதும், வந்தவர்களின் கண் புடவைமேல் நிற்காது. போன மாதம் மாம்பழ நிறப் பட்டு ஒன்றில் ஈரம் பட்டுக் கறையாகிவிட்டது. கடை மேனேஜர் வரதன் நல்லவர் மாதிரியே பேசினார்.

“தீபாவளிக்குள்ள சரி பண்ணிக்கோம்மா. இல்லன்னா நாங்க வேற ஆள் பாத்துக்கிறோம்.”

ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அந்த மணலில் குனிந்தவள் அவள். ஃபேனுக்குக் கீழே நிமிர்ந்து நிற்க ஐந்து வருஷம் ஆசைப்பட்டுத்தான் கடைக்குப் போனாள். திரும்பவும் மணலில் குனிய மனமில்லாமல் பொன்னேரியிலேயே ஒரு டாக்டரைத் தேடிப் போனாள்.

தோல் டாக்டர் தேவதர்ஷினி வழி சொன்னார். அக்குளில் ஊசி போட்டால் ஆறு மாதத்துக்கு வேர்வை நிற்கும். பக்கத்துக்குப் பதினைந்து குத்து. வலது பக்கம் போட்டு முடிப்பதற்குள் செவ்வந்தி போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். இடது பக்கத்தைத் தொடவே விடவில்லை.

“அடுத்த செவ்வாய் போட்டுக்கலாம். இன்னைக்கு ஐஸ் சீக்கிரம் கரைஞ்சிடுச்சு. நல்லா ஐஸ் வெச்சா இவ்ளோ வலிக்காது” என்றார் டாக்டர்.

அவளுடைய அப்பா கோதண்டம் முப்பது வருஷமாக இறால் பெட்டிக்கு ஐஸ் போடுகிறவர். மகளின் அழுத முகத்தை அவரால் தாங்க முடியவில்லை.

“ஐஸு இன்னா நம்மகிட்ட இல்லாததா? வெறும் ஐஸு பொன்னேரி போறதுக்குள்ள தண்ணியாப்பூடும். உப்பு போட்டா நிக்கும்.”

செவ்வாய்க்கிழமை காலை அவரே ஐஸை உடைத்து, கல்லுப்புக் கலந்து, பையில் கட்டி, மெல்லிய துணியில் சுற்றிக் கொடுத்தார். பஸ் ஏறியதும் செவ்வந்தி அதை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டாள். முதலில் தீயாய் எரிந்தது. பொறுத்துக்கொண்டாள். பிறகு மரத்துப்போனது. இனி ஐம்பது குத்தினாலும் தெரியாது என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. பாவி, தோல் செத்துக்கொண்டிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

கையைத் தூக்கச் சொன்ன டாக்டர் திகைத்துப்போனார். அக்குள் மெழுகு மாதிரி வெளுத்து, கெட்டியாகக் கிடந்தது.

“என்னம்மா வெச்சே?”

“ஐஸ்தான் மேடம். உப்பு போட்டது. மீனுக்கு அப்படித்தான் போடுவோம்.”

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். உப்புச் சேர்ந்தால் ஐஸின் குளிர் இன்னும் கடுமையாகிவிடும், மீனுக்குச் சரி, மனுஷத் தோலைச் சுட்டுவிடும் என்றார். கொப்புளம் கிளம்பும். புண் ஆறித் தோல் தேற ஆறு மாதம் ஆகலாம். அதுவரை அங்கே ஊசி போட முடியாது.

“அப்போ வலது பக்கம் போட்டது மேடம்?”

“அதுவும் ஆறு மாசம்தான்மா.”

இது ஆறும்போது அது நனைய ஆரம்பிக்கும். தீபாவளிக்கு இருபது நாள்தான் இருந்தது.

கோதண்டம் பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தார்.

“இன்னாம்மா, வலிச்சுதா?”

தாவணிக்கு அடியில் கட்டுப் போட்டிருந்தது. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே செவ்வந்தி இறங்கினாள்.

“இல்ல நைனா. தெரியவே இல்ல.”

அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“நாந்தான் சொன்னேனே, உப்பு போட்டா நிக்கும்னு.”