எண்ணூறு கஜத்தில் ஓர் இரும்புச் சட்டி

ஆர்டிஸ் க்வாலே தபால் வண்டி ஓட்டுகிறவள். மொன்டானாவில் வில்லோ கிரீக் என்கிற சிறிய ஊரிலிருந்து மலையடிவாரம் வரை போகிற சரளைக்கல் சாலை முழுக்க அவளுடைய பாதை. எந்த வளைவில் காற்று எப்படி இருக்கும் என்பது, எந்த வீட்டுக்கு எந்தத் தபால் வரும் என்பதைப் போலவே அவளுக்குப் பழக்கம். பாலத்தருகே ஹென்ட்ரிக்சன் வீட்டுத் தபால் பெட்டியின் கதவு தாழ் கழன்று கிடக்கிறது. ஓடை வழியாகக் காற்று ஏறும்போது அந்தக் கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும். அடங்கும்போது வெயிலில் இளைக்கிற நாயின் நாக்கு மாதிரி தொங்கும். ஆண்டவர் மூச்சை விடுகிறார், பிறகு கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறார் என்று அவளுக்குத் தோன்றும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவளுடைய கணவர் மெர்ல், தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்களிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஓரங்கள் மட்டும் மிச்சம். அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால், முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சுவரைப் பார்ப்பார். அப்போது கண்ணோரத்தில் முகம் வந்து நிற்குமாம்.

"இன்னைக்கு என்ன, சுவத்துகிட்ட இவ்வளவு கொஞ்சல்?" என்று அவள் கேட்பாள்.

"சுவரு எதுத்துப் பேசாதுல்ல" என்பார் அவர்.

அவருக்கு ஒரு ரைஃபிள் உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய வருடம் வாங்கியது. ஏழு மில்லிமீட்டர் குழல்; மேக்னம் என்கிற, வெடிமருந்து அதிகம் கொள்ளும் தோட்டாவில் பழைய காலத்து வகை. கண் போன பிறகு அதை ஆர்டிஸ்தான் எடுத்துப் போகிறாள். வீட்டில் குளிர்காலத்துக்கு எல்க் மான் இறைச்சி சேர்ப்பதும் இப்போது அவள்தான். அந்தத் துப்பாக்கியின் குழல் தேய ஆரம்பித்திருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புது மேக்னத்துக்கு ஏற்ற குழலைப் போடு என்று மெர்லுடைய தம்பி கார்டி இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். ஆர்டிஸுக்கும் அதுவே நல்லது என்று பட்டது, மெர்லிடம் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவன், சமையலறை மேசையில் இரண்டு தோட்டாக்களை நிற்க வைத்தான். பழையதன் அடியில் இடுப்புப் பட்டி மாதிரி ஒரு பித்தளை வளையம்; தோள் சரிந்திருந்தது. புதியதற்குப் பட்டி இல்லை. உடம்பு நேராக, தோள் வெட்டினாற்போல நிமிர்ந்து, அதன் மேல் குண்டு ஊசி மாதிரி நீண்டிருந்தது.

"பாரு ஆர்டிஸ். இது பெல்ட்டு போட்டு வயித்த இழுத்துக் கட்டின பெருசு. இது நேத்து பொறந்த பையன். யாரு வேகமா ஓடுவான்?"

மெர்ல் இரண்டையும் விரலால் தடவினார். "வேகத்துல பெருசா வித்தியாசம் இல்லடா. ரெண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்துலதான் கிளம்புது. பெருசுக்குப் பெல்ட்டாவது இருக்கு, மானம் போகாம நிக்குது."

"கிளம்பும்போது சரி. எண்ணூறு கஜம் போய்ச் சேரும்போது? உன் குண்டு குட்டை. காத்து அதத் தூக்கிட்டுப் போயிடும். என்னோடது நீளம், ஒல்லி. காத்த வகுந்துக்கிட்டுப் போகும். நடுத்தரமான காத்துல உன்னோடது நாலடி தள்ளிப் போகும், என்னோடது மூணடிகூடப் போகாது. அந்த ஒரு அடிக்குள்ளதான் மான் நிக்குது."

"ஆமா, அந்தப் பெல்ட்டு எதுக்கு?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"முன்னாடி தோட்டா ரொம்பச் சரிவா இருக்கும். துப்பாக்கியோட அறைக்குள்ள போய் சரியான இடத்துல நிக்கணுமே, அதுக்குத்தான் அந்த வளையம்" என்றார் மெர்ல். "அப்புறம் தோள் வந்துது. தோளே தாங்கிக்கும், வளையம் தேவையில்ல. ஆனா பெல்ட்டு இல்லாட்டி மேக்னமேன்னு யாரும் நம்பல. அதனால அப்படியே வெச்சுட்டாங்க." இரண்டு தோட்டாக்களையும் மேசையில் வைத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சரிடா கார்டி. ஒண்ணு செய்யலாம். இந்த வருஷம் சட்டி சுடறப்போ ஆர்டிஸ் என் ரைஃபிள்ல சுடட்டும். சட்டி பாடிச்சுன்னா குழல் அப்படியே இருக்கும். பாடலைன்னா நானே கழட்டிக் குடுத்துடறேன். எனக்கு அது பாடறத இன்னொரு வாட்டி கேக்கணும், அவ்வளவுதான்."

ஆர்டிஸ் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சுடப்போவது அவர் இல்லை, அவள்.

எல்க் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை வில்லோ கிரீக்கில் சட்டி சுடுகிற நாள். தேவாலயத்துக்குப் பின்புறம் பள்ளம் இறங்குகிறது. அதற்கு அப்பால் எதிர்மேட்டில், எண்ணூறு கஜத் தொலைவில், சட்டிக் கலப்பையின் பழைய இரும்புச் சட்டி ஒன்றை, அதாவது மண்ணை உழுகிற வட்டத் தகட்டை, சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறார்கள்; குண்டு பட்டால் அது பாடும். ஆளுக்கு ஒரே ஒரு குண்டுதான். சூடேறாத குழலிலிருந்து போகிற முதல் குண்டு. மான் இரண்டாவது வாய்ப்புக் கொடுக்காது என்பதால் இந்த வழக்கம். தவறவிட்டவர்கள் அன்றைய விருந்துக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். பாஸ்டர் லிண்ட்ஸ்ட்ராம் வருடா வருடம் கழுவுவார்.

கார்டி வந்துபோன ஞாயிறு இரவு படுத்திருந்தபோது ஆர்டிஸுக்கு ஒரு யோசனை வந்தது. கார்டியின் குண்டும் ஏழு மில்லிமீட்டர், மெர்லுடைய குழலும் ஏழு மில்லிமீட்டர். அந்த நீளக் குண்டையே பழைய பித்தளைக் கூட்டில் வைத்தால் என்ன? பெருசுக்கும் ஒரு புது வாழ்வு.

மறுநாள் கார்டியிடம் கொஞ்சம் குண்டுகள் கேட்டு வாங்கினாள். எதற்கென்று சொல்லவில்லை. வேலை முடிந்து வந்ததும் நிலவறைக்கு இறங்கி, வீட்டுக்கான தோட்டாக்களை நிரப்புகிற மேசையில் தராசு முன் உட்கார்ந்தாள். அந்த எடைக் குண்டுக்கு எவ்வளவு வெடிமருந்து போடலாம் என்று பார்த்து, கொஞ்சம் குறைவாகவே போட்டாள். மருந்து மணிகள் தட்டில் விழுகிற சத்தம் அவளுக்கு மிகவும் பிடிக்கும். தூரத்தில் எங்கோ தூறல் விழுகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு கூட்டையும் நிரப்பும்போது உதடு தானாக ஒரு சிறு ஜெபத்தை முணுமுணுத்தது. மேலே மெர்ல் வானொலியில் தானிய விலை கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் அவருக்காக ஒன்றைச் செய்கிறோம் என்கிற எண்ணமே அவளுக்குத் தித்திப்பாக இருந்தது.

சரளைக்கல் தோண்டிய பள்ளம் ஒன்றில் காகிதம் மாட்டி, இருநூறு கஜத்திலிருந்து சுட்டுப் பார்த்தாள். நடந்து போய்க் காகிதத்தைப் பார்த்தவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. துளை வட்டமாக இல்லை. சிறு மீன் ஒன்று பக்கவாட்டில் படுத்த மாதிரி நீளமாக இருந்தது. அடுத்ததும் அப்படியே, ஒரு சாண் தள்ளி. அதற்கடுத்தது காகிதத்திலேயே இல்லை.

காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறைக்க மனம் வரவில்லை. மெர்லுடைய கையில் கொடுத்தாள். அவர் கட்டைவிரலால் துளையைத் தடவினார், மறுபடி தடவினார்.

"என்ன ஆர்டிஸ் இது, சாவி நுழையற ஓட்டையா?"

அவள் சொன்னாள். கேட்டு முடிப்பதற்குள் அவர் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"சிரிக்காத. எனக்கு அழுகையா வருது."

"அடி கிறுக்கி, கோச்சுக்காத. முட்டை மாதிரி இருக்கற அந்த ஃபுட்பால எறியற பசங்களப் பாத்திருக்கியா? நல்லா சுழல விட்டா மூக்கு முன்னாடி போகும். சுழல் பத்தலைன்னா ஆடி ஆடி உருண்டு போகும். அதேதான். நீளக் குண்டுக்கு நிறைய முறுக்கு வேணும். குழலுக்குள்ள திருகலா வெட்டியிருக்கற கோடுதான் அதக் குடுக்கும். கார்டி குழல்ல எட்டு அங்குலத்துக்கு ஒரு சுத்து. என்னோடதுல பன்னண்டு அங்குலத்துக்கு ஒண்ணு. குண்டு ஒரே பருமன்தான். முறுக்குதான் வேற."

"தோட்டாதான் முக்கியம்னு நெனச்சேன்."

"கார்டியும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கான். தோட்டா பாதி, குழல் பாதி. அவன்கிட்ட சொல்லாத, தாங்க மாட்டான்." சிரிப்பு அடங்கிய பிறகு, அந்தக் காகிதத்தை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "எனக்காகப் பண்ணினியா?"

அவள் அவருடைய சட்டைப்பையின் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவர் அவளுக்குப் பக்கத்தில் இருந்த சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, பழைய குட்டைக் குண்டுதான், காற்றையும் அவளே சமாளிக்க வேண்டும் என்று ஆயிற்று.

சனிக்கிழமை வானம் கழுவி விட்டாற்போல இருந்தது. புல் முழுக்கப் பொன்னிறமாகிச் சாய்ந்து நிமிர்ந்து சாய்ந்துகொண்டிருந்தது. தேவாலயத்துப் பெண்கள் காபியும் மான் இறைச்சிச் சாசேஜும் எடுத்து வந்திருந்தார்கள். பாஸ்டர் எல்லாருக்கும் முன்னால் நின்று, கொல்லப்போகிற உயிர்கள் வலியில்லாமல் போகட்டும் என்று ஜெபித்தார். பிறகு முதல் ஆளாகப் படுத்துச் சுட்டார். எல்லாரும் காது மூடியை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். மண்ணில் பொத்தென்று ஒரு சத்தம்.

"பாஸ்டர், தண்ணி சூடா வெச்சுடறோம்" என்று யாரோ கத்தினார்கள்.

"சோப்பும் வாங்கி வெச்சாச்சு, நானே வாங்கினேன்" என்றார் பாஸ்டர், முழங்காலைத் தட்டிக்கொண்டே.

கார்டி படுத்தான். அவனுடைய புது மேக்னம் வெடித்த பிறகு, மூன்று எண்ணுகிற அளவுக்கு ஒரு சிறு அமைதி. அப்புறம் எதிர்மேட்டிலிருந்து ஓசை வந்தது. டங்ங்... என்று நிறைவாக, கோயில் மணி மாதிரி.

"நட்ட நடு" என்றார் மெர்ல், மடக்கு நாற்காலியில் இருந்தபடியே. "நல்லா சுட்டே கார்டி."

ஆர்டிஸ் முறை வந்தது. புல்லில் படுத்துத் துப்பாக்கியைத் தோளில் பொருத்தினாள். சட்டி, துப்பாக்கியின் குறிக்கண்ணாடிக்குள் ஒரு கறுத்த நாணயம் போலத் தெரிந்தது. காற்று இடப்பக்கமிருந்து வந்தது. இங்கே புல்லை லேசாக அசைத்தது. பள்ளத்தின் நடுவில் வில்லோ மர இலைகளின் வெளுத்த முதுகைப் புரட்டிப் போட்டது. சுடுகிற கோட்டுக்கு வெகுதூரம் தள்ளி, கீழே பாலத்தருகே ஹென்ட்ரிக்சன் பெட்டியின் கதவு படபடத்துக்கொண்டிருந்தது. அவள் துப்பாக்கியிலிருந்து தலையைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கிட்டியா ஆர்டிஸ்?" என்று கார்டி கிண்டலடித்தான்.

"வாய மூடுடா. அவ கேட்டுக்கிட்டு இருக்கா" என்றார் மெர்ல்.

நேரம் எங்கோ நின்றுபோன மாதிரி இருந்தது. உலகத்தில் அந்தக் கதவும் அவளுடைய மூச்சும் மட்டும் இருந்தன. கதவு ஒரு தடவை அடித்தது, இன்னொரு தடவை மெல்ல அடித்தது, பிறகு தொங்கியது. அவள் குனிந்தாள். காற்று அடங்கினாலும் முழுக்க நிற்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் சட்டியைப் பார்க்கவில்லை. சட்டிக்குப் பக்கத்தில், இடப்பக்கத்து வெறும் புல்லின் மேல் குறியை வைத்தாள். சட்டி கண்ணோரத்தில் வந்து நின்றது. அந்தக் கணத்தில் மெர்ல் தினமும் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

விசை தானாக அழுந்தினாற்போல இருந்தது. தோளில் உதை விழுந்தது. எல்லாரும் காது மூடியைத் தூக்கினார்கள். புல் சாய்ந்தது, நிமிர்ந்தது. பாஸ்டர் உள்ளங்கைகளைச் சேர்த்துப் பிடித்திருந்தார். மண் சத்தம் வரவில்லை. வேறு சத்தமும் வரவில்லை. ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

ட்டிங்.

மெல்லிசாக, தேநீர்க் கோப்பையின் விளிம்பைக் கரண்டி தொட்டாற்போல வந்தது. வந்துவிட்டது.

பெண்கள் கை தட்டினார்கள். கார்டி தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "வலது ஓரம். இன்னும் ரெண்டு விரல் போயிருந்தா காலி" என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை.

ஆர்டிஸ் எழுந்து மெர்லிடம் போனாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். முகம் நனைந்திருந்தது.

"கேட்டுதா?"

"கேட்டுது. அதான் வேணும்னு இருந்தேன்." அவர் கை நீட்டித் துப்பாக்கியை வாங்கினார். குழல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. "கார்டி, திங்கக்கிழமை இதக் கொண்டுபோய் புதுக் குழல் போடச் சொல்லு."

"என்ன மெர்ல், பாடினா அப்படியே இருக்கும்னு சொன்னியே!" ஆர்டிஸின் குரல் உயர்ந்தது. இத்தனை நாள் குழல் மாறினால் நல்லது என்று உள்ளுக்குள் நினைத்தவள் அவள்தான். இப்போது அவளுக்கே விட மனமில்லை.

"சொன்னேன். சட்டிக்கு ஓரம் போதும் ஆர்டிஸ். மானுக்கு ஓரம் போதாது. ஓரத்துல பட்டா அது சாகாது, நொண்டிக்கிட்டு காட்டுக்குள்ள போயிடும். ராத்திரி பூரா நமக்குத் தூக்கம் இருக்காது. இந்தக் காத்துல உனக்கு ஒரு அடி தயவு கெடைக்கும்னா, வாங்கிக்கோ. அந்த பெல்ட்டு எனக்கு என்ன சோறா போடுது? குழல்தான் மாறுது, துப்பாக்கியோட மரக்கட்டை நம்மளோடதாவே இருக்கும்."

அவள் அவர் தோளில் கை வைத்தாள். பிறகு, "சரி" என்றாள்.

சட்டியைப் பாட வைத்தவள் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. ஆனாலும் விருந்து முடிந்ததும் ஆர்டிஸ் பாஸ்டருக்குப் பக்கத்தில் நின்று தட்டுகளை அலசினாள். மெர்ல் துடைத்தார். ஒரு தட்டைத் துடைத்து முடித்தவர், விளிம்பை நகத்தால் லேசாகச் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார்.

"இதுதானா?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"இன்னும் கொஞ்சம் மெல்லிசு" என்றார் அவர், அவளுக்குப் பக்கத்தில் இருந்த சன்னலைப் பார்த்துக்கொண்டே. சன்னலுக்கு வெளியே, பாலத்தருகே, அந்தக் கதவு மறுபடி படபடக்க ஆரம்பித்திருந்தது.