குழாய்த் தண்ணீரில் மெத்தில் ஆரஞ்சு

அன்று காலை என் கணவர் இனி டயாலிசிஸ் வேண்டாம் என்றார். நான் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன்.

"போதும்மா. இன்னிக்குப் போவல. இனிமேலும் போவல."

"சும்மா இருங்க. நல்லாத்தான இருக்கீங்க? பேப்பர் படிக்கறீங்க, நடக்கறீங்க. சாயந்திரம் வந்து கூட்டிட்டுப் போறேன், ரெடியா இருங்க."

அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று சாயங்காலம் முத்தியால்பேட்டையிலிருந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் போவோம். நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் வேதியியல் டீச்சர். ரத்தத்தில் அமிலம் சேரும். அதை வாங்கித் தாங்கிக்கொள்ளும் பைகார்பனேட் தீரும். அதற்குப் பிறகு ஆள் இருக்கமாட்டார். இதை நினைத்தால் எனக்கு அழுகையும் வராது, பயமும் வராது. அந்த வருஷம் முழுக்க மரத்துப்போன கால் மாதிரிதான் இருந்தேன். சொந்தக்காரர்கள் "என்னா தைரியம்!" என்பார்கள். தைரியமாம், மண்ணாங்கட்டி.

பன்னிரண்டாம் வகுப்பில் அன்றைய பாடம் பஃபர் கரைசல். அமிலம் ஊற்றினாலும் லேசில் மாறாத கரைசல். அதை வாயால் சொன்னால் பெண்களுக்குக் கொட்டாவிதான் வரும். அதனால் இரண்டு பீக்கர் வைப்பேன். ஒன்றில் பஃபர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். இரண்டிலும் அமிலத்தை நிறத்தில் காட்டிக்கொடுக்கும் மெத்தில் ஆரஞ்சு விட்டால் மஞ்சளாக நிற்கும். அமிலம் ஒரு சொட்டு விழுந்ததும் தண்ணீர் சிவந்துவிடும், பஃபர் அசையாது. பாடம் முடிந்தது.

அன்று காய்ச்சி வடித்த தண்ணீர் கேன் காலி. லேப் அட்டெண்டர் வரவில்லை. மேலே போய் ஸ்டோர் ரூம் சாவிக்கு அலைய எனக்கு உடம்பு வணங்கவில்லை. குழாயைத் திறந்து பீக்கரில் பிடித்துக்கொண்டேன்.

மெத்தில் ஆரஞ்சு கலந்து அமிலம் ஒரு சொட்டு விட்டேன். மஞ்சள். இன்னொரு சொட்டு. அப்போதும் மஞ்சள்.

"மிஸ், தண்ணியும் பாஸாயிடுச்சு மிஸ்!" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள். வகுப்பே சிரித்தது.

"வாய மூடுங்கடி!" என்று எரிந்து விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இது எங்கள் பக்கத்து போர் தண்ணீர். கொதிக்க வைத்தால் குண்டான் அடியில் வெள்ளையாகப் படியும். அதில் இருப்பதும் பைகார்பனேட்தான். வேதியியல் படித்தவள் செய்கிற தப்பா இது! செய்தது செய்தாயிற்று என்று சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டே போனேன். சிரிப்பு அடங்கி எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். பிறகு ஒரு சொட்டு விழுந்ததும் பீக்கர் முழுக்கச் சிவந்துவிட்டது.

"ஐயோ!" என்றாள் முன்பெஞ்சுப் பெண். "கடைசி சொட்டு வரைக்கும் நல்லாத்தான மிஸ் இருந்துச்சு?"

"நல்லா இல்லடி. மொத சொட்டுலேந்தே உள்ள தீந்துகிட்டேதான் இருந்துச்சு. நெறம் மாறாததால நமக்குத் தெரியல."

சொல்லிவிட்டு சாக்பீஸோடு நின்றேன். யாரோ "மிஸ்?" என்றார்கள். பஃபருக்கும் ஓர் எல்லை உண்டு, ஊற்றிக்கொண்டே போனால் அதுவும் சிவக்கும் என்று போர்டில் எழுதிப் போட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவர் சட்டை மாட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் போர்வைப் பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். "டீச்சர் சொன்னா தட்ட முடியுமா?" என்று கிண்டல் வேறு.

நான் சாவியை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "ரொம்ப கஷ்டமா இருக்குதாங்க?"

அவர் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து விட்டார். "ஊசிய கூட தாங்கிக்கலாம்மா. வந்து படுத்தா, மறுநாள் மத்தியானம் வரைக்கும் நான் நானாவே இல்ல. கொஞ்சம் தெளிஞ்சா திரும்ப கெளம்பணும்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ ஒண்ணும் காட்டிக்கல. சரி, நம்மளும் காட்டிக்க வேணாம்னு இருந்துட்டேன்."

"வேணாம்னா வேணாங்க. இனிமே நீங்க சொல்றதுதான்" என்றேன். என் வாய்தான் அதைச் சொன்னது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இல்ல. இன்னிக்குப் போலாம்" என்று எழுந்தார். வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தார். என் தோளில் புடவை நனைந்தது. நான் ஓட்டினேன்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் "போலாமா?" என்று கேட்பேன். "போலாம்" என்பார். மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "வேணாம்மா" என்றார். இன்னொரு முறை கேட்டேன். அதையேதான் சொன்னார். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. கையில் எடுத்திருந்த சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.