குர்ஷித்தின் சாஃப்ட் லென்ஸ்

குர்ஷித்துக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதே குரலை வைத்துத்தான் தெரியும். ஆம்பூர் பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார வைத்தும் போர்டு தெரியாமல் எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிய பெண் அவள். கண்ணாடி வந்த பிறகு கூடப் படித்தவர்கள் "சோடாபுட்டி" என்றார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். அவர்கள் முகம் தெரிந்ததே அவளுக்குச் சந்தோஷம்.

கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் அந்தப் பெயர் வீட்டுக்குள் வந்தது. வாணியம்பாடியிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளைவீட்டு அம்மாள் பிரியாணியை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு நல்லாத்தான் இருக்கா. பொறக்கப்போற புள்ளைங்களுக்கும் புட்டி மாட்ட முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் பெண் பார்க்க யார் வந்தாலும் அம்மா பக்ருன்னிசா முதலில் கண்ணாடியைக் கழற்றி வாங்கிவிடுவாள். பேர்ணாம்பட்டுக்காரர்கள் வந்தபோது குர்ஷித் தலை நிமிரவே இல்லை. நிமிர்ந்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. "எவ்வளவு அடக்கம்!" என்று சொல்லி நிச்சயம் பண்ணிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை ரஃபி அகமது. தன் மாமாவின் தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு, லோடு எல்லாம் அவன்தான்.

அவளுடைய அப்பா அப்துல் சமத்தும் தோல் ஷாப்பில்தான் வேலை பார்த்தார். சரக்கோடு மெட்ராஸ் போய் வருகிறவர். கண்ணுக்குள்ளேயே வைக்கிற லென்ஸ் வந்திருக்கிறது என்று அங்கே கேள்விப்பட்டு வந்து சொன்னார். கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. தாயும் மகளும் மெட்ராஸ் பஸ் ஏறினார்கள்.

லென்ஸ் பொருத்துகிற ஜெபசீலன் இரண்டு வகையையும் எடுத்து வைத்தார்.

"இது ஹார்டு லென்ஸ். முதல்ல கண்ணு உறுத்தும், தண்ணி கொட்டும். இன்னிக்கு ஒரு மணி நேரம், நாளைக்குக் கொஞ்சம் ஜாஸ்தின்னு பழக்கணும். பழக ஒரு மாசமாவது ஆகும். ஆனா அதைப் பாத்துக்கிறது சுலபம். இது சாஃப்ட் லென்ஸ். போட்டதே தெரியாது. ஆனா பஞ்சு மாதிரி எல்லாத்தையும் உறிஞ்சும். தூங்கறதுக்கு முன்னாடி கட்டாயம் எடுக்கணும், உப்புத்தண்ணி டப்பியில போட்டு தினம் கொதிக்க வைக்கணும். கண்ணுக்கு சுர்மா, மை எதுவும் கூடாது. புகை, மருந்து நெடி எதுவும் ஆகாது. நீங்க தோல் ஷாப்பு பக்கம்தானே?"

"கல்யாணப் பொண்ணுங்க" என்றாள் பக்ருன்னிசா. "இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

"அப்போ கண்ணாடியோடவே கல்யாணம் பண்ணிக்கட்டுமேம்மா. லென்ஸை அப்புறமா நிதானமா பழகிக்கலாம்."

பக்ருன்னிசா மகளை நாற்காலியில் உட்கார வைத்தாள். ஹார்டு லென்ஸை வைத்ததும் குர்ஷித் இமையைத் திறக்க முடியாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதை எடுத்துவிட்டு சாஃப்டை வைத்தார்கள். ஜன்னல் வழியே எதிர்மாடியில் காய்ந்த புடவையின் கரை தெரிந்தது. அந்தக் கரையிலிருந்த மாங்காயும் தெரிந்தது. மூக்கின் மேல் பாரம் இல்லை.

"அம்மீ, இதுதான்" என்றாள். அம்மா அவளுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்தது அவளேதான்.

நிக்காஹ் அன்று சுர்மா தீட்ட வந்த பெரியம்மாவைத் தடுக்க முடியவில்லை. சுர்மா இல்லாத மணப்பெண் உண்டா? ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? ஜல்வா சடங்கில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, தலைமேல் துப்பட்டா போர்த்தி, முகம் பார்க்கச் சொன்னார்கள். அவள் பார்த்தாள். அவன் வலது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. மீசையில் செஹ்ராப் பூச்சரத்திலிருந்து உதிர்ந்த மல்லிகை இதழ் ஒன்று. அது ஒட்டியிருப்பது தெரியாமல் அவன் விறைப்பாக இருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பேர்ணாம்பட்டு வீட்டின் பின்சுவரை ஒட்டியே ஷாப்பு. காற்று திரும்பினால் சுண்ணாம்பும் மருந்தும் கலந்த நெடி கட்டில்வரை வரும். புதுமருமகள் முதல் வெள்ளிக்கிழமை ஜும்மாகிக்குத் தாய்வீடு போய் விருந்து சாப்பிட்டுத் திரும்பும்வரை அடுப்படியில் கால் வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். டப்பி துணிமூட்டைக்குள் இருந்தது. கொதிக்க வைக்க அடுப்பு இல்லை. அறையில் எந்நேரமும் நாத்தனார்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள். பழைய கண்ணாடி ஆம்பூரிலேயே இருந்தது; லென்ஸை எடுத்துவிட்டால் கதவு எது, சுவர் எது என்று தடுமாறுவாள். வெள்ளிக்கிழமைவரை தாங்கினால் போதும் என்று கண்ணிலேயே விட்டாள்.

மூன்றாம் நாள் கண் சிவந்து தண்ணீராகக் கொட்டியது. வீட்டில் யாரும் சந்தேகப்படவில்லை. கல்யாணப் பெண் அழாமல் யார் அழுவார்கள்?

"பாவம், தாய்வீட்டு நெனப்பு" என்றாள் மாமியார். "எங்க வீட்டுப் பொண்ணுங்க ஒரு வேளை அழுவாளுங்க, அடுத்த வேளை கறி கேப்பாளுங்க. இவ தங்கமான பொண்ணு." முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்து, சூடு தணியட்டும் என்று தன் கையாலேயே இன்னும் கொஞ்சம் சுர்மா இழுத்துவிட்டாள். குர்ஷித் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைக் காட்டினாள்.

ரஃபி மட்டும்தான் கேட்டான். கட்டிலின் ஓரத்தில் தள்ளியே உட்கார்ந்து, "என்னப் பிடிக்கலையா?" என்றான்.

அப்படியில்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

"அப்புறம் ஏன் அழுவுற? வேற யாராவது மனசுல இருக்காங்களா? சொல்லு, நான் ஒன்னும் பண்ணமாட்டேன்."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. வாணியம்பாடி அம்மாளின் குரல் காதில் கேட்டது. "ஒன்னுமில்லீங்க" என்றாள். அவன் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை ஆம்பூர் வந்து இறங்கியபோது இடது கண் திறக்கவில்லை. விருந்துச் சட்டி அடுப்பிலேயே இருக்க, அப்துல் சமத் டாக்சி பிடித்து வேலூர் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கருவிழியில் புண், ஆழமாகப் போய்விட்டது என்றார்கள். வலது கண்ணைக் காப்பாற்றினார்கள். இடது கண்ணில் வெள்ளை விழுந்து பார்வை போனது.

ரஃபி ஒரு தரம் வந்தான். இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்ததால் குரல்தான் கேட்டது.

"நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"பயமா இருந்துச்சுங்க."

"என்னப் பாத்தா?"

"இல்ல. திருப்பி அனுப்பிடுவீங்களோன்னு."

"நீ யாரோ ஒருத்தன நெனச்சு அழுவுறேன்னு, நான் அவன் யாருன்னு தேடிக்கிட்டு இருந்தேன்" என்றான். குரல் உடைந்திருந்தது. "கண்ணாடின்னு முன்னாடியே சொல்லியிருந்தா..." அதை முடிக்காமலே எழுந்து போனான். முடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று அவள் அதற்கப்புறம் எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்தாள்.

அவன் வீட்டில், மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்றும் ஒரு கண் போன பெண்ணை வைத்துக்கொள்ள முடியாது என்றும் பேச்சு வந்தது. ஜமாத் பெரியவர்கள் இரண்டு பக்கமும் நடந்தார்கள். அப்துல் சமத் ஒருவரிடமும் சண்டை போடவில்லை. "நம்ம பேர்லயும் தப்பு இருக்கு" என்று மட்டும் சொன்னார். பக்ருன்னிசா அன்றிலிருந்து மகளின் முகத்தை நேராகப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

பக்ரீத் கழிந்து சீர்ச் சாமான்களைத் திருப்பி அனுப்பினார்கள். லாரி வாசலில் நின்றது. பழைய கண்ணாடி இனி ஒத்துவராது, புண் முழுக்க ஆறிய பிறகுதான் புதுசு எழுதித் தர முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிச்சமிருந்த ஒரு கண்ணுக்குத் தெருவே பால் ஊற்றியதுபோல் இருந்தது. கட்டில் இறங்குகிற சத்தம், பீரோ இறங்குகிற சத்தம். முன்சீட்டில் யாரோ இறங்காமல் உட்கார்ந்திருப்பது மட்டும் நிழலாகத் தெரிந்தது.

அவனாக இருக்கலாம். இறங்க வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கலாம்.

"குர்ஷித், உள்ள வா" என்று அம்மா கூப்பிட்டாள். அவள் கேட்கவில்லை. முக்காடு நழுவியதையும் கவனிக்காமல், சுவரைத் தடவிக்கொண்டு படியிறங்கி, ஆட்கள் நடுவே நடந்து லாரியின் கதவுவரை போனாள். கதவைப் பிடித்துக்கொண்டு, முகத்தோடு முகம் வைக்கிற தூரத்துக்குத் தலையை நீட்டிப் பார்த்தாள்.

பீடி நாற்றம் அடித்தது.

"இன்னாம்மா வேணும்?" என்றார் டிரைவர்.

"ஒன்னுமில்லீங்க" என்றாள் குர்ஷித்.