மதகடிப்பட்டில் நின்ற கேரவன்

பயணத்தின் நாற்பத்து மூன்றாம் நாள் காலை, கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் வந்த ஒரு மேட்டில் எங்கள் கேரவனின் கிளட்ச் போய்விட்டது. அதுவரை ராஜஸ்தான் குளிரையும், மத்தியப் பிரதேசத்துச் சாலைகளையும், என் மனைவியின் சமையலையும் தாங்கிய வண்டி, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

கேரவன் என்று அதற்குப் பெயர் வைத்தவர் வாடகைக்கு விட்டவர். பழைய டெம்போ டிராவலர் ஒன்றின் இருக்கைகளைக் கழற்றி, மூன்று கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு குளிக்க வேண்டிய ஒரு குளியலறை எல்லாம் பொருத்தியிருந்தார். வண்டியின் நெற்றியில் மட்டும் ஆங்கிலத்தில் கேரவன் என்று பெரிதாக எழுதியிருந்தது. அதனால் நிறுத்திய ஊரிலெல்லாம் உள்ளே எந்த நடிகர் இருக்கிறார் என்று பார்க்கக் கூட்டம் கூடியது. கதவைத் திறந்துகொண்டு வேட்டியும் மங்கிகேப்புமாக நான் இறங்கியதும் கலைந்தது.

போனவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, அவளுடைய தம்பி. எனக்கு வாகனப் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு. மச்சானுக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு. அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். கேரவன் யோசனை அவனுடையது. பிரான்சில் ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் குளிர்காலத்தில் கிளம்புவார்களாம். அங்கே அவர்கள் குளிருக்குப் பயந்து தெற்கே போவார்கள் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. நாங்கள் மார்கழியில் புதுச்சேரியின் அருமையான வெயிலை விட்டுவிட்டுக் குளிரைத் தேடி வடக்கே போனோம்.

ஓட்டுவது அவன் வேலை. காகிதங்கள் என் வேலை. வாடகை ஒப்பந்தத்தின் இருபத்தொரு நிபந்தனைகளையும் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். எந்த மாநிலத்தில் எத்தனை நாள் அனுமதி, எது எப்போது முடிகிறது என்று ஓர் அட்டவணை போட்டு அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தேன். நாற்பத்து மூன்று நாளில் ஒரு சோதனைச் சாவடியில்கூட எங்களை ஐந்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தியதில்லை. இதை நான் தினமும் சொன்னதாக என் மனைவி சொல்கிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள் சொல்லியிருப்பேன்.

கிளட்ச் போனது ஒரு புதன்கிழமை. சாதாரணமாக இருந்தால் ஒரு மெக்கானிக், இரண்டு நாள் காத்திருப்பு என்று முடிந்திருக்கும். ஆனால் மச்சானின் மகள் வியாழன் மாலை புதுச்சேரிக்கு வருகிறாள். முதலியார்பேட்டையில் அவன் வீட்டில்தான் தங்குவாள். சாவி எதிர்வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்சியில் சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

அவள் பிறந்து வளர்ந்தது பிரான்சில். தாய் இறந்த ஆறாம் மாதம் மச்சான் அங்கிருந்த வீட்டை விற்றுவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். விற்ற பிறகுதான் மகளிடம் சொன்னான். தாயின் துணிகள் அலமாரியில் அப்படியே இருந்தனவாம். அவற்றை யாரோ மூட்டையாகக் கட்டித் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஏழு ஆண்டுகள் அவள் இவனோடு பேசவில்லை. இப்போது தோழியின் கல்யாணத்துக்கு இந்தியா வந்தவள், தானாகவே அத்தைக்கு, அதாவது என் மனைவிக்கு, போன் செய்து இரண்டு இரவு அப்பா வீட்டில் தங்கலாமா என்று கேட்டிருந்தாள். நாங்கள் அப்போது நாக்பூருக்கு அருகே இருந்தோம். மச்சான் அன்றிலிருந்து வண்டியை ஓட்டிய வேகத்தைப் பற்றி நிபந்தனை எண் ஒன்பது என்ன சொல்கிறது என்று அவனுக்கு இருமுறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

கிளட்ச் தகடு பெங்களூரிலிருந்து வரவேண்டும் என்றார் கிருஷ்ணகிரி மெக்கானிக். வியாழன் வரும் என்றது வெள்ளி காலை வந்தது. பஸ் பிடித்துப் போய்விடு என்று என் மனைவி தம்பியிடம் சொன்னாள். ஒப்பந்தத்தில் ஓட்டுநர் என்று அவன் பெயர் மட்டும்தான் இருக்கிறது, அவன் போய்விட்டால் வண்டியை யாரும் தொட முடியாது என்று நான் சொன்னேன். சொன்னது உண்மைதான். நான் சொல்வதெல்லாம் எப்போதும் உண்மையாகவே இருக்கும். என்னோடு இருப்பதில் அதுதான் சிரமம் என்பாள் என் மனைவி.

வெள்ளி மதியம் கிளம்பி, சேலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று எங்கும் நிற்காமல் வந்தோம். விழுப்புரம் தாண்டியபோது நன்றாக இருட்டிவிட்டது. வளவனூரைக் கடந்ததும் சாலையின் இரண்டு பக்கமும் சாராயக்கடை விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. புதுச்சேரி வந்துவிட்டது என்பதற்கு எல்லைக் கல்லைத் தேடவேண்டிய அவசியம் எங்கள் ஊரில் இல்லை. மதகடிப்பட்டு. மணி ஏழுக்குப் பத்து நிமிடம்.

நிறுத்தச் சொன்னேன்.

நிபந்தனை எண் பதினான்கு: இரவு ஏழு மணிக்கு மேல் வண்டியை ஓட்டக்கூடாது. ஓட்டி ஏதாவது நடந்தால் காப்பீடு கிடையாது. நாற்பத்தைந்து நாள் மீறாததைக் கடைசி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் மீறுவானேன் என்று கேட்டேன். மச்சான் இன்னும் முக்கால் மணி நேரம்தானே என்றான். புதுச்சேரி எல்லைக்குள் வந்தாகிவிட்டது, தமிழ்நாட்டு அனுமதி இன்று நள்ளிரவோடு முடிகிறது, அதைப் பற்றியும் இனிக் கவலையில்லை, காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழுக்குள் வீடு, மூன்று மணி நேரம் மகளோடு இருக்கலாம் என்று அவனுக்கு விளக்கினேன். மூன்று நாள் தாடியும் கிரீஸ் நாற்றமுமாகப் போய் நிற்பதைவிட அது மேல் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அவன் என்னோடு அதிகம் சண்டை போடவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி சாலையைப் பார்த்தான். பிறகு, "சரி மாமா, காலையில போய்க்கலாம்" என்று வண்டியைப் பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஒதுக்கினான். முகத்தில் கோபம் இல்லை. அப்போது அதை என் வாதத்தின் வலிமை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நல்ல பனி. மச்சான் ஐந்தரைக்கே சவரம் செய்து, வெள்ளைச் சட்டையின் மேல் கோட்டும் போட்டுக்கொண்டு, பாரிசுக்குப் போகிறவனைப் போலத் தயாராக இருந்தான். சரியாக ஆறுக்கு இன்ஜினைப் போட்டான். பனிக்குள்ளிருந்து ஒரு பஸ் வந்து எதிரே நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, திருபுவனை, கண்டமங்கலம், அரியூர், வில்லியனூர் என்று கூவினார்.

கண்டமங்கலம் என்ற பெயர் காதில் விழுந்ததும் அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்த அட்டவணையைத் திரும்பிப் பார்த்தேன்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரன் எங்கள் மாநிலத்தைத் துண்டு துண்டாக விட்டுப் போனான். விழுப்புரத்திலிருந்து வருகிறவர் மதகடிப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைவார்; கண்டமங்கலத்தில் மீண்டும் தமிழ்நாட்டுக்குள் போவார்; அரியூரில் மறுபடி புதுச்சேரிக்குள் வருவார். ஒரே சாலை, ஒரே வெயில், இரண்டு அரசாங்கம். இதைப் பணியில் இருந்த காலம் முழுக்க லாரிக்காரர்களுக்கு நான்தான் விளக்கினேன். "உங்க ஊருக்குள்ளயே பாதி தூரம் உங்க ஊர் இல்லையா சார்" என்று கேட்டவர்களைப் படிப்பில்லாதவர்கள் என்று நினைத்திருக்கிறேன். அதே நான், எல்லை தாண்டியாகிவிட்டது என்று முந்தின மாலை அறிவித்து, அனுமதி முடிந்த வண்டியோடு, நான்கு பக்கமும் தமிழ்நாடு சூழ்ந்த ஒரு துண்டுப் புதுச்சேரியில் இரவைக் கழித்திருக்கிறேன். நேற்று ஓட்டியிருந்தால் அனுமதி இருந்தது, நேரம் இல்லை. இன்று நேரம் இருந்தது, அனுமதி இல்லை.

இன்ஜினை நிறுத்து என்றேன். காரணத்தைச் சொன்னேன். மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"கண்டமங்கலத்துல தமிழ்நாடு எத்தினி கிலோமீட்டர் வரும் மாமா?"

"நாலோ அஞ்சோ இருக்கும்."

"அந்த நாலு கிலோமீட்டருக்கா?"

பிடித்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவார்கள் என்றேன். என் காலத்தில் நானே எத்தனை வண்டியை நிறுத்தியிருக்கிறேன் என்று சொல்லவில்லை, அவனுக்குத் தெரியும். பதற்றம் வேண்டாம், இணையத்தில் விண்ணப்பித்தால் பத்து நிமிடத்தில் புது அனுமதி வந்துவிடும் என்று போனை எடுத்தேன். எல்லாக் கட்டத்தையும் பிழையில்லாமல் நிரப்பினேன். கடைசியில் ஓடிபி கேட்டது. ஓடிபி வண்டி உரிமையாளரின் போனுக்குத்தான் போகும். உரிமையாளர் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். காலைப் பூசையில் இருந்திருப்பார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அழைத்துக்கொண்டே இருந்தேன். ஏழு ஆனது. ஏழரை ஆனது. இதோ வந்துவிடும் என்று நான்கைந்து முறை சொன்னேன். அவன் டிரைவர் இருக்கையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். விழுப்புரம் பக்கமிருந்து வந்த பஸ்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. எட்டேகாலுக்கு என் மனைவி கட்டிலிலிருந்து எழுந்து, செருப்பை மாட்டி, கைப்பையை எடுத்தாள்.

"தம்பி, எறங்கு. பஸ்ல போலாம்" என்றாள். பிறகு என்னிடம், "நீங்க இருங்க. வண்டிய விட்டுட்டு வர எந்த ரூல்லயும் எடமில்ல."

உண்மையில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது. எண் பதினேழு. அவள் அதைப் படித்திருக்கிறாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இருவரும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்கள். நான் எல்லாக் காகிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காத இடத்தில், அன்று முழுவதும் சட்டப்படி உட்கார்ந்திருந்தேன். ஓடிபி பதினொன்றரைக்கு வந்தது. அனுமதியும் வந்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை.

அங்கே நடந்ததை என் மனைவி மாலையில் போனில் சொன்னாள். பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்து முதலியார்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை தாண்டிவிட்டது. டாக்சி வாசலில் நின்றது, பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. மகள் அப்பாவைக் கூடத்தில் உட்காரவைத்து, அவன் வீட்டிலேயே அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பேச அரை மணி நேரம் கிடைத்தது. அதில் அவள் கேட்டது ஒரே கேள்வி. நேற்று மாலை ஏழு மணிக்கே மதகடிப்பட்டில் இருந்ததாக அத்தை சொல்கிறாள், முக்கால் மணி நேரத் தூரம், ஏன் வரவில்லை? மச்சான் நிபந்தனை பதினான்கைப் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்திருக்கிறான். கண்டமங்கலத்தையும் சொல்லியிருக்கிறான். பிரெஞ்சில் அது இன்னும் மோசமாக ஒலித்திருக்கும். வர மனமில்லை என்றால் அப்படியே சொல்லலாமே அப்பா என்று சொல்லிவிட்டு அவள் டாக்சியில் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலை அவன் பஸ்ஸில் வந்து இறங்கினான். புது அனுமதியை நீட்டினேன். வாங்கவில்லை. வண்டியை எடுத்தான். கண்டமங்கலத்தில் எங்களை யாரும் நிறுத்தவில்லை; ஒரு போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அரியூர் வந்ததும் ஓரமாக நிறுத்தினான்.

"மாமா, நீங்க எழுதறதுல கெட்டிக்காரர். அவளுக்கு நீங்களே எழுதுங்க. நா சொன்னா நம்ப மாட்டேங்கறா."

பணியில் இருந்தபோது கீழே உள்ளவர்களிடம் விளக்கம் கேட்டு நூற்றுக்கணக்கில் குறிப்பாணை அனுப்பியிருக்கிறேன். விளக்கம் எழுத உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிரெஞ்சு எனக்குப் பள்ளியில் படித்த அளவுக்குத் தெரியும். போனில் முதலில் எழுதியதில் நான்கு பத்தி, இரண்டு நிபந்தனை எண், எல்லைகளுக்கு ஒரு சிறு வரலாறு. அதைப் படித்தால் மகள் அப்பாவை இன்னும் ஏழு ஆண்டு மன்னிக்க மாட்டாள் என்று எனக்கே தெரிந்தது. அழித்தேன். இரண்டாவதையும் அழித்தேன். கடைசியில் நின்றது இரண்டே வரி: உன் அப்பா அன்று மாலையே வரத்தான் துடித்தார், நான்தான் விடவில்லை.

பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளி மாலையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். சரி மாமா, காலையில போய்க்கலாம் என்று அவன் சொன்னபோது அந்த முகத்தில் கோபம் இல்லாததன் அர்த்தம் எனக்கு இப்போது புரிந்திருந்தது. மகள் முன்னால் போய் நிற்பதைத் தள்ளிப்போட ஒரு காரணம் வேண்டியிருந்தது அவனுக்கு. அதை நான் நிபந்தனை எண் போட்டுக் கொடுத்தேன். முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் சரிபார்க்காத எதிலும் நான் கையெழுத்திட்டதில்லை. இந்த இரண்டு வரியையும் சரிபார்த்தேன், பாதிதான் உண்மை என்று தெரிந்துகொண்டேன், அனுப்பினேன்.

வில்லியனூர் தாண்டும்போது மகள் அவனை அழைத்தாள். அவன் மறுபடி ஓரங்கட்டினான். போனைக் காதில் அழுத்திக்கொண்டு பிரெஞ்சில் பேசினான், முதலில் ஒற்றைச் சொற்களாக, பிறகு நீளமாக. ஒரு கட்டத்தில் சிரித்தான். அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டது. பேச்சில் மாமா என்ற சொல் வந்தது. அதையடுத்து அம்பெசில் என்ற சொல் வந்தது. முட்டாள் என்பதற்குப் பள்ளியில் எங்கள் பாதிரியார் எங்களுக்குச் சொல்லித்தந்த சொல் அதுதான். ஆட்சேபணை தெரிவிக்க எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெயிலில் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.