கின்னேன் வீட்டுக் குழி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது நடந்தது. அயர்லாந்தில், கிளேர் மாவட்டத்தில், 2024 அக்டோபரில், பட்டப்பகலில். பேய் என்றால் ராத்திரிதான் வரவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? கிரான்யாவும் நானும் டப்ளினில் பதினாறு வருடமாக ஒரே அலுவலகம். இல்லாததைச் சொல்லி ஆளை மிரட்டுகிற ரகம் இல்லை அவள். அவள் சொன்னதை, சொன்ன நேரத்தோடு, அப்படியே எழுதுகிறேன்.

அவள் புருஷன் லார்கன் கின்னேன். வயது நாற்பத்தொன்று. ஏப்ரலில் நெஞ்சு அடைத்து விழுந்து, ஆபரேஷன் முடிந்து, மறுபிறவி எடுத்து வந்தவன். வந்ததிலிருந்து ஒரே பிடிவாதம். செத்துப்போன அப்பாவுடைய கூடப்பிறந்தவர்களைப் பார்க்க வேண்டுமாம். அத்தை டெலியா, சித்தப்பா கிறிஸ்டி, மொத்தம் இரண்டே பேர்.

"சாகறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடணும்" என்றான்.

"யாரு சாகறதுக்குள்ள?"

"அவங்கதான்டி. எழுபது தாண்டிட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏப்ரலிலிருந்தே அவளுக்கு ஒரு பயம்தான். இவனை மறுபடியும் அந்தக் கட்டிலில் பார்க்கிற தெம்பு தனக்கு இல்லை என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை காரில் கிளம்பினார்கள். முதலில் தாத்தா பாட்டி கல்லறையில் ஒரு ஜெபம், அப்புறம் உறவுக்காரர்கள் வீடு என்று திட்டம். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் காரை நிறுத்தியபோது மதியம் 2:10. இரண்டு மணி மாத்திரையை அப்போதுதான் கொடுத்தாள், அதனால் நேரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழை விட்டிருந்தது. வாசலில் வேறு வண்டி இல்லை. ஒரு சைக்கிள்கூட இல்லை.

உள்ளே சத்தம் கேட்டது. சதக்... சதக்...

கின்னேன் என்று பெயர் வெட்டிய கல்லின் முன்னால் ஒரு கிழவர் குழி வெட்டிக்கொண்டிருந்தார். தொப்பி, கறுப்புக் கோட்டு. இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கணுக்கால் ஆழம் வெட்டியிருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரே குழி, முன்னால் போனவர்கள் பெட்டிக்கு மேலேயே அடுத்தவரையும் வைப்பார்கள். குழி வெட்டுவது அக்கம்பக்கத்து ஆட்கள் வேலை. நாலு பேர் சேர்ந்து வெட்டுவார்கள், வெட்டி முடிக்கிறவரை ஊர்க்கதை ஓடும். தனி ஆள் வெட்டி யாரும் பார்த்ததில்லை. செத்தவர் வீட்டு ஆள் மண்வெட்டியைத் தொடவே கூடாது.

"வேலைக்கு ஆண்டவன் துணை" என்றான் லார்கன். வேலை செய்கிறவரைப் பார்த்தால் சொல்லியே ஆகவேண்டிய வார்த்தை. "உங்களுக்கும்" என்று பதில் வர வேண்டும். வரவில்லை.

"குழி யாருக்குங்க?"

"கின்னேன் வீட்டுக்கு."

"அதான் கல்லுலயே இருக்கே. அந்த வீட்டுல யாருக்கு?"

கிழவர் நிமிரவில்லை. "இடம் பண்ணணும். நேரமில்ல."

"தனியாவா?"

"கூட யாரும் வரல."

சொல்லிவிட்டு, திரும்பாமலே, மண்வெட்டியைப் பின்பக்கமாக நீட்டினார். லார்கன் வாங்கிக்கொண்டான்.

கிரான்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "லார்கன்! உனக்கென்ன பைத்தியமா? டாக்டர் என்ன சொன்னாரு? அதுவும் உங்க வீட்டுக் குழி!"

"வயசானவர் தனியா வெட்டறாரு, நான் கைய கட்டிக்கிட்டு நிக்கணுமா? நாலு வெட்டு, அவ்வளவுதான்."

நாலு வெட்டில் நிற்கவில்லை. குளிரில் லார்கனுடைய வாயிலிருந்து புகைபுகையாக மூச்சு வந்தது. பக்கத்தில் தலையைக் குனிந்து நின்ற கிழவரிடமிருந்து வரவில்லை. அவள் அப்போது அதைப் பார்த்தாளே தவிர, யோசிக்கவில்லை. முழங்கால் ஆழம் வந்ததும் கிழவர் "போதும்" என்றார். அப்போது 2:35.

காருக்கு வந்ததும்தான் இருவருக்கும் உறைத்தது. கின்னேன் வீட்டில் குழி என்றால், போனது யார்? அத்தைக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சித்தப்பாவுக்குப் போட்டான். லைனே கிடைக்கவில்லை.

3:20. அத்தை வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஆள் நடக்கிற சத்தம் இல்லை. மறுபடி தட்டினார்கள். கதவு திறந்தது. கையெல்லாம் மாவோடு டெலியா அத்தை நின்றாள்.

"ஏன்டா, பேயப் பார்த்த மாதிரி நிக்கற? உள்ள வா. இவளுக்குச் சோறு போடறியா இல்லையா, குச்சி மாதிரி இருக்கா!"

டீயும் ஆப்பிள் கேக்கும் வந்தன. வேண்டாம் என்றால் விடுகிற ஆளா அவள்? மூன்றாவது துண்டையும் தட்டில் வைத்தாள். உயிரோடு இருக்கிறவளிடம் போய், யார் செத்தது என்று எப்படிக் கேட்பது?

"நம்ம ஆளுங்க எல்லாரும் நல்லாருக்காங்களா அத்தை?"

"எல்லாருமா? மிச்சம் நானும் கிறிஸ்டியும்தானே. வேற யாரு இருக்கா?" டீ ஊற்றிய கை ஒரு நொடி நின்றது. பிறகு ஊற்றினாள்.

அப்படியானால் சித்தப்பா.

நாற்பது கிலோமீட்டர். குறுகலான பாதை.

5:05. கிறிஸ்டி சித்தப்பா வீடு. கதவு திறந்து கிடந்தது. விளக்கு இல்லை.

"சித்தப்பா..."

பதில் இல்லை. அடுப்படி மேஜையில் பாதி குடித்த டீ. தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

"சித்தப்பா!"

பின்னால் ஏதோ தகரம் உருண்டது. கடகடகட...

"யாருய்யா அது, என் வீட்டுல நின்னு கத்தறது?"

கன்றுக்குட்டிக்குப் பால் வைத்த வாளியோடு கிறிஸ்டி நின்றார். குண்டுக்கல்லு மாதிரி திடமாக இருந்தார். லார்கன் அவரைக் கட்டிப்பிடித்துச் சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார். "எவனோ கண்ணு தெரியாம தப்பான குழிய வெட்டறான். திங்கக்கிழமை போய்க் கேக்கறேன் அவன!"

கிரான்யா சிரிக்கவில்லை. சொந்தம் இரண்டு பேர். இரண்டு பேரும் இருக்கிறார்கள். அவர்களைத் தவிர அந்தக் குடும்பத்தில் மிச்சம் இருக்கிற கின்னேன் ஒருவன்தான்.

முழங்கால் வரை உள்ளே நின்று வெட்டியவன்.

கார் சாவியை எடுத்து ஒளித்துவைத்தாள். ராத்திரி தங்குவோம் என்றாள். அவன் தூங்கினான். இவள் தூங்கவில்லை.

11:40. அவன் மூச்சு நின்ற மாதிரி இருந்தது...

நெஞ்சில் கை வைத்தாள்.

துடித்தது.

2:15. மறுபடி வைத்தாள்.

துடித்தது.

காலை 7:15-க்குக் கண்ணைத் திறந்து, "டீ இருக்கா?" என்று கேட்டான். அவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

8:20-க்குச் சித்தப்பாவின் வீட்டுப் போன் அடித்தது. இங்கிலாந்திலிருந்து ஒரு நர்ஸ். கிறிஸ்டி நின்றபடியே கேட்டார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"எங்களுக்கு மூத்தவ ஒருத்தி உண்டு" என்றார் கடைசியில். "யூனா. நேத்து போயிட்டாளாம்."

லார்கன் அந்தப் பெயரையே கேட்டதில்லை. அவன் அப்பாகூடச் சொன்னதில்லை. 1968-இல் பத்தொன்பது வயசு, கல்யாணம் ஆகவில்லை, வயிற்றில் பிள்ளை. அவளுடைய அப்பா, அதாவது லார்கனுடைய தாத்தா, கொட்டுகிற மழையில் வாசலில் நிறுத்திச் சொன்னாராம்: "என் வீட்டுலயும் உனக்கு இடமில்ல. என் குழியிலயும் உனக்கு இடமில்ல." அதோடு சரி. அவள் பேரை யாரும் அந்த வீட்டில் எடுக்கவில்லை.

"இப்ப அவ இங்கதான் வரணும்னு எழுதி வெச்சிருக்காளாம்" என்று சொல்லிவிட்டுக் கிறிஸ்டி குழந்தை மாதிரி அழுதார்.

நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். குழி இல்லை. மண் குவியல் இல்லை. பச்சைப் புல், ஒரு வெட்டு விழாமல் கிடந்தது.

புதன்கிழமை அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் குழி வெட்டினார்கள். புல்லை உரித்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முழங்கால் ஆழம் வரை மண் பொலபொலவென்று வந்தது. அதற்குக் கீழேதான் கெட்டி.

வியாழக்கிழமை அடக்கம். பெட்டியோடு அந்த நர்ஸும் வந்திருந்தாள். வயதான பெண். அடக்கம் முடிந்து கிறிஸ்டி வீட்டில் எல்லாரும் டீ குடிக்கும்போது, கிரான்யாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரரு பேரு லார்கனாம்மா?"

"ஆமா. ஏன்?"

"அந்தம்மாவுக்கு மூணு நாளா நினைவே இல்ல. சனிக்கிழமை மதியம் திடீர்னு கண்ணத் திறந்தாங்க. சிரிச்சாங்க. அப்பா குழி வெட்டறாரு, எனக்கு இடம் பண்றாரு, பாவம் தனியா வெட்டறாருன்னாங்க. அப்புறம், நல்லவேளை, லார்கன் மண்வெட்டிய வாங்கிக்கிட்டான்னாங்க. அதோட போயிட்டாங்க. நான் நேரம் குறிச்சு வெச்சேன். ரெண்டு முப்பத்தஞ்சு."

லார்கன் பிறந்தது 1983-இல். யூனா அந்த வீட்டை விட்டுப் போய்ப் பதினைந்து வருடம் கழித்து. அங்கிருந்து அவளுக்கு ஒரு கடிதம்கூடப் போனதில்லை.

கிறிஸ்டி கோப்பையைக் கீழே வைத்தார். அவர் சொன்னதை அந்த அறையில் இருந்த எல்லாரும் கேட்டார்கள்.

"அப்பா செத்தது எழுபத்தொம்போதுல. அந்தக் குழிக்குள்ளதான் படுத்திருக்காரு."