பின்னால் மிதித்தால் முன்னால் போகும் சைக்கிள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவருக்கு ஆவி என்று பெயர். ஸ்டீம் பிரஸ்ஸில் நிற்கிறவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர்தான். ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், "ஆவி வந்தாச்சா? ஆவி சாப்பிட்டாச்சா?" என்று மற்றவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு வெலவெலத்துப் போவார்கள். பிணவறை பக்கத்துக் கட்டடம் என்பதால் அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. வீட்டில் மனைவிக்கு அவர் "ஏங்க". கோபம் வந்தால் அங்கேயும் ஆவிதான்.

ஸ்டீம் பிரஸ் என்பது வாயைத் திறந்து மூடுகிற இரும்பு முதலை. பலகையில் போர்வையை விரித்து, வலது காலால் கீழே இருக்கும் மிதியை அழுத்தினால் மேல்தாடை இறங்கும். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். காலை எடுத்தால் வாயைத் திறக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அந்த மிதியில் வைத்த கால், மகள் காலேஜ் போன பிறகும் அங்கேயேதான் இருந்தது. போர்வைகள் மடிப்புக் கலையாமல் போயின. முழங்கால்தான் தேய்ந்துபோனது. மாடிப்படி ஏறினால் உள்ளே மணலை அரைப்பது போல ஒரு சத்தம்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "காலை மடக்கலாம், நீட்டலாம். ஆனா அழுத்தக் கூடாது."

"அழுத்துறதுதான் சார் எனக்கு வேலையே."

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதோடு விட்டிருந்தால் எப்படியோ ஓட்டியிருப்பார். ஆஸ்பத்திரிக்காரர்கள் சலவைக்கூடத்தைத் தூக்கி மேட்டின் உச்சியில் புதுக் கட்டடத்தில் வைத்துவிட்டார்கள். முதல் பஸ் மேட்டுக்கு வரும்போது முதல் ஷிப்ட் தொடங்கிப் பாதி வேர்வை சிந்தியிருக்கும். போதாததற்கு, இருப்பவர்களில் மூத்தவர் என்று கொதிகலன் அறைச் சாவியை அவரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் போய்த் திறந்தால்தான் ஆவி. அவர் நொண்டி நொண்டி ஏறிப் போய்ச் சேருவதற்குள் கீழே வார்டுகளில் போர்வைக்குக் கூச்சல் எழும்பிவிடும். சூப்பர்வைசர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, இன்னொரு தடவை கதவு பூட்டிக் கிடந்தா, சாவியைக் கொடுத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடுங்க. கால் சரியில்லாதவரை எதுக்கு வெச்சிருக்கேன்னு என்னைக் கேக்கறாங்க."

அந்தச் சம்பளத்தில்தான் மகள் வெளியூர் விடுதியில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். மனைவி வீட்டில் மிதி தையல் மெஷினில் பை தைத்துக் கொடுப்பாள். அது வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாய்ப் போகும்.

மனைவியின் தம்பிக்கு ஃபியூஸ் என்று பெயர். உடைந்த மின்சார ஸ்கூட்டர்களைப் பிரித்துப் போட்டுக் காயலான் கடை நடத்துகிறவன். அக்காவின் முகத்தைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டு, நேராக மாமாவிடம் வந்தான்.

"மாமா, உங்ககிட்ட ஒரு கியர் சைக்கிள் சும்மா கிடக்கு. என்கிட்ட ஒரு கடை நிறைய குப்பை கிடக்கு. ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிருவோம்."

"ரெண்டுக்கும் ஒத்துப்போகலைன்னா?"

"எந்த வீட்டுலதான் ஒத்துப்போகுது? நம்ம அக்காவையே பாருங்க."

உள்ளேயிருந்து ஒரு கரண்டி பறந்து வந்தது.

அது மகள் பள்ளிக்கூடம் போகையில் வாங்கிய மலையேறும் சைக்கிள். தடித்த டயர், முரட்டுச் சட்டம். பேர்தான் மலையேறும் சைக்கிள். மலையை ஏற வேண்டியது மேலே உட்கார்ந்திருக்கிறவன்தான். ஃபியூஸ் பின் சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய டெலிவரி வண்டி ஒன்றிலிருந்து நடுவில் மோட்டார் வைத்த சக்கரத்தைக் கொண்டுவந்தான். அதன் அச்சு சட்டத்தின் பள்ளத்தில் நுழைய மறுத்தது. ஆவி அரத்தை எடுத்து உட்கார்ந்து ராவினார். மோட்டார் முறுக்கும்போது அச்சே சுழன்று வெளியே வந்துவிடாமல் இருக்க, பழைய ஸ்பேனர் ஒன்றை அறுத்து அச்சில் மாட்டிச் சட்டத்தோடு கட்டினார்கள். செத்த ஸ்கூட்டர் பேட்டரிகளை உடைத்து, உயிர் இருக்கிற செல்களை மீட்டர் வைத்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். அதற்கு ஒரு பை வேண்டுமே? வார்டில் கட்டிலுக்குப் போடும் ரப்பர் விரிப்பில் கிழிந்த துண்டொன்று கிடந்தது. மனைவி அதை மழைக்குத் தாங்குகிற மாதிரி இரட்டைத் தையல் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். மோட்டாரை ஆட்டிவைக்கிற கன்ட்ரோலர் ஒரு சோப்பு டப்பாவுக்குள் குடியேறியது.

கிடைத்த கன்ட்ரோலர் மலிவு ரகம். கையில் முறுக்குகிற ஆக்ஸிலேட்டருக்கு அதில் வழியே கிடையாது. பெடல் அச்சில் காந்தம் பதித்த ஒரு சின்னத் தட்டு இருக்கும்; பெடல் முன்பக்கமாகச் சுற்றினால் அது கன்ட்ரோலருக்குச் சொல்லும், மோட்டார் ஓடும். அவ்வளவுதான். பிரேக்கைப் பிடித்தால் மோட்டாரை அணைக்கிற கைப்பிடிகள் மட்டும் குப்பையில் கிடைக்கவில்லை.

"அது புதுசாத்தான் வாங்கணும் மாமா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்," என்றான் ஃபியூஸ்.

ஓட்டம் பார்க்கிற நாளன்று தெருவே கூடிவிட்டது. ஆவி ஏறி உட்கார்ந்து மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தார். சைக்கிள் சைக்கிளாகவே இருந்தது. ஃபியூஸ் சோப்பு டப்பாவைத் திறந்து ஒவ்வொரு கம்பியாகத் திட்டினான். அலுத்துப்போன ஆவி, இறங்குவதற்காகப் பெடலைப் பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினார்.

சைக்கிள் பாய்ந்தது. ஆவி பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளுக்குள் புகுந்து, வெள்ளைப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அந்தப் பக்கமாக வெளியே வந்து விழுந்தார்.

"இப்பத்தான் மாமா பேருக்கேத்த மாதிரி இருக்கீங்க!"

காந்தத் தட்டைப் புறம் மாற்றிப் போட்டுவிட்டான் ஃபியூஸ். மனைவி வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கப்பா சைக்கிள்ல பின்னால மிதிச்சா பிரேக். அதுலதான் நான் பழகினேன். இங்க பின்னால மிதிச்சா பறக்குது. இந்த வீட்டுல எல்லாமே தலைகீழ்."

ஃபியூஸ் ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தான். ஆவி தடுத்தார்.

"இரு. இப்படியே இருக்கட்டும்."

"என்ன மாமா, தலையில அடிபட்டுடுச்சா?"

அவருக்கு ஒன்று புரிந்திருந்தது. முன்னால் மிதிக்கும்போது, மோட்டார் இழுத்தாலும் இழுக்காவிட்டாலும், அவருடைய வலது கால் அழுத்தியே தீரும். அதற்கு வேறொன்றும் தெரியாது. மிதி என்று ஒன்று காலடியில் வந்தால் முழு பலத்தையும் இறக்கிப் பழகிய கால். பின்னால் சுற்றும்போது அழுத்துவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. சங்கிலி சும்மா கிறுகிறுக்கும், கால் சும்மா மடங்கி நீளும். டாக்டர் சொன்னதும் அதைத்தானே.

அப்புறம் கொஞ்ச காலம் நன்றாகவே போனது. பின்னோக்கி மிதித்துக்கொண்டு ஒரு மனுஷன் மேட்டில் ஏறுவதைப் பார்த்து லாரிக்காரர்கள் தலையை வெளியே நீட்டினார்கள். பிள்ளைகள் "ரிவர்ஸ் கியர்! ரிவர்ஸ் கியர்!" என்று கூடவே ஓடினார்கள். கொதிகலன் அறை நேரத்துக்குத் திறந்தது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். இறக்கத்தில் வரும்போது ஆவி மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு பிரேக்கில் வருவார். அதை அவர் யோசித்துச் செய்ததில்லை. வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் கை தானாக விளக்கை அணைப்பது போல, அது பாட்டுக்கு நடந்தது. அடுத்த மாசம் வாங்க வேண்டிய கைப்பிடிகள் அதற்கடுத்த மாசத்துக்குப் போயின.

ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்தால் சுவர் சாய்ந்தது. சாவி சட்டைப் பையில் இருந்தது.

"கொடுங்க, நான் போய்க் கொடுத்துட்டு வந்துடறேன்," என்றாள் மனைவி.

"தம்பியைக் கூப்பிடேன்."

"அவன் இந்நேரத்துக்கு எழுந்தா சூரியனே பயந்துடும். பின்னால மிதிச்சா முன்னால போகும், அவ்வளவுதானே? பாத்துப் பாத்து எனக்கே மனப்பாடம்."

போர்வைக்குள்ளிருந்து அவர் சொன்னார்: "மேட்டுல பயப்படாதே. அது இழுத்துடும்."

மேட்டுக்குத்தான் சொன்னார். இறக்கத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அவள் மேட்டில் அழகாக ஏறினாள் என்று காவலாளி பிற்பாடு சொன்னார். சாவியை சூப்பர்வைசர் கையில் கொடுத்து, "எங்க வீட்டுக்காரர் நாளைக்கு வந்துடுவார்" என்றாளாம். திரும்பி இறங்கும்போது சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. பாதி இறக்கத்தில் தண்ணி லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. பயம் பிடித்த நொடியில் எதையும் யோசிக்க முடியுமா? சின்ன வயதில் அப்பா சைக்கிளில் பழகிய கால், நிற்பதற்காகப் பெடலைப் பின்னால் மிதித்தது. கை பிடித்த பிரேக்கை மீறி சைக்கிள் பாய்ந்தது. லாரியிலிருந்து ஒதுங்க முடிந்தது. கல் சுவரிலிருந்து முடியவில்லை.

இடுப்பு எலும்பு. அதே ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன். அவர் காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போனார். போகாமல் முடியாது, அவள் கொண்டுபோய்க் கொடுத்த சாவி அது. எலும்பு வார்டுப் போர்வைகள் மூட்டையாக மேலே வரும். எது அவள் கட்டில் போர்வை என்று தெரியாததால் எல்லாவற்றையும் இரண்டு தரம் அழுத்தினார். "என்ன ஆவி, இன்னைக்குப் போர்வைக்கெல்லாம் கல்யாணமா?" என்று ஒருவன் கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து நகர்ந்துபோனான்.

வீட்டுக்கு வந்தபின் அவள் கட்டிலைவிட்டு இறங்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. தையல் மெஷினை மிதிக்க இனி முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தத் தட்டைக் கழற்றி நேராப் போட்டுடுங்க. எனக்கு அதைப் பாத்தாலே குலை நடுங்குது."

"சரி."

ஃபியூஸ் வளைந்த சைக்கிளை நிமிர்த்தி, மோட்டாரை அணைக்கிற கைப்பிடிகளை வாங்கிவந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே மாட்டினான். தட்டையும் நேராகத் திருப்பினான். ஆவி அப்படியே சில நாள் ஓட்டிப் பார்த்தார். கால் அழுத்தியது. முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, ஒருநாள் மேட்டுப் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். கதவு பூட்டியபடி இருக்க, சூப்பர்வைசர் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையை மட்டும் சாவிக்காக நீட்டினார். ஆவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சி, இன்னொரு தவணை வாங்கினார்.

அன்றைக்கே தட்டை மறுபடி புறம் மாற்றினார். வீட்டில் சொல்லவில்லை.

காலையில் வாசலிலிருந்து தெருமுனை வரை அவர் முன்னால் மிதித்தே போவார். அப்படி மிதித்தால் மோட்டார் வேலை செய்யாது; அவ்வளவு பாரத்தையும் அந்த முழங்கால்தான் இழுக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார். முனை திரும்பியதும் பின்னால் மிதிப்பார். மோட்டார் ஙொய்யென்று எழும்பும்.

ஒருநாள் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க."

"தண்ணி வேணுமா?"

"வேணாம். முனை வரைக்கும் எதுக்கு முக்கிக்கிட்டுப் போறீங்க?"

அவர் மற்றொரு செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தார்.

"எனக்கு இடுப்புதாங்க போச்சு. காது நல்லாத்தான் இருக்கு. அங்க திரும்பினதும் மோட்டார் கத்துது."

"காலு கேக்க மாட்டேங்குது..."

"தெரியும்." அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "வாசல்லயே பின்னால மிதிச்சிட்டுப் போங்க. லேட்டாயிடும்."

அவர் வெளியே வந்து, சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, வெகுநேரம் பெடலில் கால் வைக்காமல் இருந்தார். பிறகு பின்னால் மிதித்தார். மோட்டார் எழும்பிய சத்தத்தில் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது கேட்டது.